மூடும் குறி

குக்கர் கையேடு, பாகம் 2
நெருள், 3 ஜூலை 2025

கலைச்செல்வி அவர்களுக்கு,

புதிதாகச் சேர்ந்தவர்களின் பக்கங்களை வீட்டிலிருந்தே திருத்துவது என் வேலை என்பதால் இதை எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நம் கம்பெனியில் கையேடுகளை மார்க்டவுனில்தான் எழுதுகிறோம். வெறும் எழுத்து, நடுவே சில குறிகள், அவ்வளவுதான். குறிகளைப் பார்த்துக் கணினியே தலைப்பும் பட்டியலும் ஆக்கிக்கொள்ளும். ஆனால் குறியை ஒழுங்காகப் போட வேண்டும். நீங்கள் தலைப்புக்கு ஹேஷ் போட்டீர்கள், பக்கத்தில் ஒரு இடைவெளி விடவில்லை. அதனால் 'பாதுகாப்பு எச்சரிக்கை' தலைப்பாக மாறாமல் ஹேஷை ஒட்டிக்கொண்டு அசடு வழிய நிற்கிறது. 'மூடியைத் திறக்காதீர்கள்' தடித்த எழுத்தில் வர வேண்டுமானால் முன்னால் இரண்டு ஸ்டார், பின்னால் இரண்டு ஸ்டார். நீங்கள் பின்னால் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள்.

இன்னொன்று. என்டரை ஒரு தடவை தட்டினால் புதுப் பத்தி வராது. நடுவே ஒரு வெற்று வரி விட வேண்டும். 'விசில் அடங்கும்வரை காத்திருக்கவும்' என்பதும் 'மூடியைத் திறக்கவும்' என்பதும் உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஓடுகின்றன. அவசரமாக வாசிக்கிறவர் முகம் வெந்துபோகும்.

நான் இப்போது எழுதுவது கோப்பின் உள்ளே மட்டும்தான் தெரியும். இடது பக்கம் பார்க்கிற கோண மூக்குக் குறி, ஆச்சரியக்குறி, இரண்டு கோடு. அதற்குப் பின்னால் என்ன எழுதினாலும் வெளியே தெரிகிற பக்கத்தில் வராது. முடிக்கும்போது இரண்டு கோடும் வலது பக்கம் திரும்பிய கோண மூக்கும், அதுதான் மூடும் குறி. நீங்களும் இப்படியே பதில் எழுதலாம். அலுவலக விஷயம் மட்டும்.

விஜயராணி, சரிபார்ப்பு


குக்கர் கையேடு, பாகம் 2
செம்பூர் ஆபீஸ், 4 ஜூலை

அக்கா,

இரண்டு வருஷம் கழித்து நீ எழுதிய முதல் கடிதம். அதில் என்னை 'அவர்களுக்கு' ஆக்கிவிட்டாய். சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நீ சொன்ன திருத்தங்களைப் போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. இதற்குள் எழுதுவது வெளியே தெரியவே தெரியாதா? கம்ப்யூட்டரில் தெரியாது, சரி. போனில் திறந்தால்? வேறொருவர் போனில் திறந்தால்? நன்றாக யோசித்துச் சொல்லு.

ஏன் கேட்கிறேன் என்றால், அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியும். என் போனில் என்னவோ போட்டு வைத்திருக்கிறார். எனக்கு வருகிற மெசேஜ் எல்லாம் தாராவிக் கடையில் இருக்கிற அவர் போனுக்கும் போய்விடும். நான் எங்கே நிற்கிறேன் என்பதும் போகும். சாயங்காலம் வேலை முடிந்து கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். போனதும் "இன்னைக்கு என்ன எழுதுன, பாப்போம்" என்பார். பக்கத்தின் லிங்க்கை அவர் போனிலேயே சேர்த்து வைத்திருக்கிறார். ஹிந்தி ஸ்கூலில் படித்தவர், தமிழ் சரளமாக வராது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் பக்கம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். மாறாவிட்டால், பகலெல்லாம் எங்கே போனாய் என்று கேட்பார்.

நீ இந்தக் கம்பெனியில் இருக்கிறாய் என்று தெரிந்துதான் இங்கே சேர்ந்தேன். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார்.

போனுக்கு மட்டும் எதுவும் அனுப்பிவிடாதே. வாசித்ததும் இதை அழித்துவிடு. உன்னிடம் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. ஒரு மனுஷியிடம் பேசி ரொம்ப நாளாயிற்று, அதனால்தான்.

கலை


குக்கர் கையேடு, பாகம் 2
நெருள், 7 ஜூலை

ஏட்டி கலை,

மூடும் குறியைப் போட மறந்துவிட்டாய். உன் கடிதத்துக்குக் கீழே இருந்த கையேடு மொத்தமும் கடிதத்தோடு சேர்ந்து மறைந்துபோயிற்று. சாஹில் சாருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. பக்கம் லட்சணமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் மேனேஜர் வேலை. சனிக்கிழமை காலையில் எனக்குப் போன் போட்டு, "ஆதா குக்கர் கிதர் கயா?" என்று கத்துகிறார். பாதிக் குக்கரைத் தேடிக் கண்டுபிடித்து வைத்தேன்.

போகட்டும், அது ஆபத்தில்லாத தப்பு. மூட மறந்தால் எல்லாம் மறையும். வெளியே தெரியாது. யார் போனில் திறந்தாலும் தெரியாது. நான் ஆறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், என்னை நம்பு.

உன் எழுத்தைப் பார்த்தேன். வலது கை அடிக்க வேண்டிய எழுத்துகள் பல இடத்தில் விட்டுப்போயிருக்கின்றன. நீ பத்து விரலாலும் தட்டச்சுப் பழகியவள், வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். கையில் என்ன?

நீ எதுவும் கேட்கவில்லை என்கிறாய். ஆனால் எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாரீஸ்வரன் மாப்பிள்ளை முன்கோபிதான், ஆனால் நான் சொன்னால் கேட்பார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?

விஜயா


குக்கர் கையேடு, பாகம் 2
செம்பூர் ஆபீஸ், 8 ஜூலை

வேண்டாம். வேண்டாம் அக்கா. ஒரு வார்த்தையும் பேசாதே.

போன தடவை நீ பேசியது போதும். நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்கவில்லை. கையில் கட்டோடு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நெருளுக்கு வந்தேன். தோசை சுட்டுக் கொடுத்தாய். பாப்பா மத்தியானம் தூங்கியதும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் போன் போட்டாய். "சின்னப் பொண்ணு, கோவத்துல வந்துட்டா, வந்து கூட்டிட்டுப் போங்க மாப்ளே" என்றாய். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் வந்தார், உன் காலைத் தொட்டுக் கும்பிட்டார், அத்தான் கொடுத்த காப்பியைக் குடித்தார், சிரித்துப் பேசினார். உனக்குப் பெருமையாக இருந்தது, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவளே நீதானே. வீட்டுக்குப் போனதும் மாடி ரூமில் இரண்டு நாள் பூட்டி வைத்தார். பாப்பா கீழே இருந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கையைக் கேட்டாயே, இது அன்றைக்குக் கட்டுப் போட்டிருந்த அடி இல்லை, புதுசு. கடை ஷட்டரை இழுத்துவிடும்போது என் கை அங்கே இருந்தது. தெரியாமல் பட்டுவிட்டது என்று அவர் சொன்னார், நானும் எல்லாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

இப்போது விஷயம் அதுவல்ல. அவர் அம்மா பார்வதியம்மாள் பதினேழாம் தேதி வியாழன் சாயங்காலம் ஊரிலிருந்து வருகிறார். சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நாங்குநேரிக்குத் திரும்புகிறார். இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்கு இல்லை. "நீ வேலைக்குப் போற, பிள்ளைய யாரு பாக்க?" என்று நல்லவர் மாதிரிக் கேட்டார். பிள்ளையை நான்தானே இத்தனை நாளும் பார்க்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே, "பிள்ள அங்க இருந்தா நீ இங்க ஒழுங்கா இருப்ப" என்றார்.

அவளுக்கு ஐந்து வயது. அங்கே போய்விட்டால் நான் எங்கேயும் போக முடியாது. வியாழனுக்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும். பக்கத்து மேஜையில் யாராவது நாற்காலியை இழுத்தால் தூக்கிப்போடுகிறது.

மூடும் குறி போட்டுவிட்டேன்.

கலை


குக்கர் கையேடு, பாகம் 3
நெருள், 10 ஜூலை

கலை,

இரண்டு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். கையேட்டில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். என் தப்பை எழுதச் சொன்னால் கை வரவில்லை.

நான் அன்றைக்குச் செய்தது சரி என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டேன். மாடி ரூம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி பண்ணவும் இல்லை. நீ பேசாமல் இருந்தபோது, திமிர் பிடித்தவள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

நீ பாப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. அத்தானிடம் சொல்லிவிட்டேன், அவரும் வரச் சொல்கிறார். போனை ஆபீஸ் மேஜையிலேயே விட்டுவிட்டு வா. நீ செம்பூரில் உட்கார்ந்து குக்கருக்கு எழுதுகிறாய் என்றே அவர் போன் சொல்லும். எந்த நாள், எத்தனை மணி, எந்த வழி என்று விவரமாக எழுது. நான் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பேன். முதலில் வந்து சேர். அப்புறம் ஆற அமர எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஹேஷுக்குப் பக்கத்தில் இன்னும் இடைவெளி விடாமல்தான் எழுதுகிறாய். சொல்லக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

அக்கா


குக்கர் கையேடு, பாகம் 3
செம்பூர் ஆபீஸ், 14 ஜூலை, சாயங்காலம்

அக்கா,

சனி, ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்றுகொண்டு மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். இனி எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தைரியம் போய்விடும்.

வியாழக்கிழமை, அவர் அம்மா வந்து இறங்குவதற்கு முன்னால். பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போடுவேன். பத்தரைக்கு டாக்டரிடம் கையைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். ஆட்டோ பிடித்து நேரே பாப்பாவின் ஸ்கூல். அங்கேயிருந்து வழி இதுதான்:

மாட்டுங்கா --> குர்லா --> நெருள்

வியாழக்கிழமை குர்லாவில் பன்வெல் போகிற ரயில் கிடைத்தால் பன்னிரண்டரைக்குள் உன் வீட்டில் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வராதே, உன்னை யாராவது பார்த்துவிடப்போகிறார்கள். பாப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவாள். மாற்றுத் துணியை அவள் ஸ்கூல் பையிலேயே அடியில் வைத்துவிடுவேன்.

இந்த வாரம் விட்டால் பிள்ளையை எனக்குக் காட்ட மாட்டார்கள். நடுவில் அவர் பிடித்துவிட்டால் இந்தத் தடவை மாடி ரூமோடு நிற்காது. அக்கா, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

மூடும் குறி போட்டுவிட்டேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கலை


குக்கர் கையேடு, பாகம் 3
நெருள், 15 ஜூலை, காலை 9.20

கலை, வந்ததும் முதலில் இதை வாசி.

உன் கடிதத்தின் பின்பாதி வெளியே தெரிந்துவிட்டது. நீ வழி எழுதினாயே, மாட்டுங்காவுக்கும் குர்லாவுக்கும் நடுவே அம்பு போட்டு. இரண்டு கோடு, ஒரு கோண மூக்கு. அந்த அம்புதான் மூடும் குறியும். கணினிக்கு வழியும் தெரியாது, ரயிலும் தெரியாது. கடிதம் அங்கேயே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, குர்லாவிலிருந்து மீதி அத்தனையையும் பக்கத்தில் போட்டுவிட்டது. 'ரப்பர் வளையத்தை மாற்றும் முறை' என்பதற்குக் கீழே நீ அழுதுகொண்டிருக்கிறாய்.

நேற்று நீ சேமித்தது ஐந்து நாற்பதுக்கு. நான் இப்போது ஒன்பது மணிக்குத்தான் கணினியைத் திறந்தேன். பார்த்ததும் அழித்துவிட்டேன். ஆனால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் அது வெளியே இருந்திருக்கிறது. பக்கத்தை மூன்று தடவை திறந்ததாகக் கணக்குக் காட்டுகிறது. யார் யார் என்று அது சொல்லாது.

மூட மறந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். முன்னாலேயே மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் யாருக்கு வழி எழுதிக் கொடுத்தாலும் எல்லாரும் அம்பு போட்டுத்தான் எழுதுகிறோம், நானும் அப்படித்தான். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். என்னை நம்பு என்று வேறு எழுதினேன்.

அவர் பார்த்தாரா? நீ ஆபீஸுக்கு வந்துவிட்டாயா? ஒரே ஒரு வரி எழுது.


குக்கர் கையேடு, பாகம் 3
செம்பூர் ஆபீஸ், 15 ஜூலை, மத்தியானம்

அக்கா,

பார்த்தார்.

நேற்று கடைக்குப் போனதும் வழக்கம்போல் போனைத் திறந்தார். பக்கம் நீளமாகியிருந்தது, அதனால் கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். எதற்கு நிறுத்தினார் என்று எனக்குப் புரியவில்லை. விரலை வைத்து "கு... ர்... லா" என்று கூட்டினார். "குர்லா? க்யா ஹை யே?", என்ன இது என்று என்னைப் பார்த்தார். அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். என் எழுத்து, அக்கா. என் பயம் எல்லாம் அவர் கையில் வெளிச்சமாக இருந்தது. குக்கர் ரிப்பேர் பண்ணுகிற சென்டர் குர்லாவிலும் நெருளிலும் இருக்கிறது, அதற்கு வழி என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் தானாகச் சொல்லிற்று. அவர் அடுத்த வரிக்குப் போய் "வி... யா..." என்று ஆரம்பித்தார். அப்போது ஒருத்தர் உடைந்த டிஸ்ப்ளேயோடு வந்து நின்று அவசரப்படுத்தினார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. சாப்பிட்டார், பாப்பாவுக்கு ஊட்டிவிட்டார். மிச்சத்தைத் தனியாக உட்கார்ந்து வாசித்தாரா, எவ்வளவு வாசித்தார், ஒன்றும் தெரியவில்லை. திட்டினால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று காலையில், "வா, நானே விடுதேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தார். சயான் சிக்னலில் நின்றபோது, முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "நெருள்லதான உங்க அக்கா இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். கடையை வேலைக்காரப் பையன் இசக்கியிடம் விட்டுவிட்டு இப்போது ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலில் இருந்து பார்த்தால் அவர் தலை தெரிகிறது. சாயங்காலம் வரை இருப்பாராம். நாளைக்கும் வருவாராம்.

வியாழன் வேண்டாம். நாளைக்கே வருகிறேன். எப்படி என்று கேட்காதே, இனி வழி எழுத எனக்குக் கை வராது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் பாப்பாவும் அங்கே இருப்போம்.

கலை


குக்கர் கையேடு, பாகம் 3
நெருள், 16 ஜூலை

மணி ஒன்று நாற்பது. சாம்பார், உருளைக்கிழங்கு, பாப்பாவுக்குத் தனியாகப் பருப்பும் நெய்யும். இன்னும் நீ வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது, வண்டி தாமதமாக ஓடுமாக இருக்கும். வந்தபின் இதை நீயே வாசித்துச் சிரிப்பாய்.

இரண்டரை. லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைத் திறக்கிறேன். எதிர் வீட்டு அம்மா என்ன விஷயம் என்று கேட்டுவிட்டார். பார்சல் வருகிறது என்றேன்.

மூன்று ஐம்பது. சாஹில் சாருக்குப் போன் போட்டு, பாகம் மூன்று எப்போது முடியும் என்று கேட்கிற மாதிரி கேட்டேன். உன் போன் மேஜையில் இருக்கிறதாம், ஆள் இல்லையாம். பதினொரு மணியில் இருந்தே இல்லையாம். அப்படியென்றால் நீ கிளம்பிவிட்டாய். கிளம்பி ஐந்து மணி நேரம் ஆகிறது. செம்பூரில் இருந்து நெருளுக்கு ஐந்து மணி நேரம் ஆகாது கலை.

உன்னைப் பிடித்துவிட்டாரா? மறுபடியும் அந்த மாடி ரூமில் இருக்கிறாயா? பாப்பா எங்கே? போலீஸுக்குப் போகலாம் என்கிறார் அத்தான். போனால் உனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் எதையும் செய்யப் பயமாக இருக்கிறது, போன தடவை கேட்காமல்தானே செய்தேன். வேறு எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ திறந்து பார்த்தால் ஒரு புள்ளி மட்டும் வை. எழுத வேண்டாம், ஒரு புள்ளி போதும்.

ஐந்தே முக்கால். கோப்பில் எதுவும் மாறவில்லை. யாரோ மணி அடிக்கிறார்கள்.


குக்கர் கையேடு, பாகம் 3
17 ஜூலை

அக்கா,

நானும் பாப்பாவும் பத்திரமாக இருக்கிறோம். சாப்பிட்டோம், தூங்கினோம். போலீஸிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. கையெழுத்துப் போடும்போது பேனா கையில் நிற்கவில்லை, ஆனாலும் போட்டேன்.

எங்கே இருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

என் கடிதம் வெளியே கிடந்த அன்றைக்கு அதை இரண்டு பேர் வாசித்திருக்கிறார்கள். ஒருத்தர் எழுத்துக் கூட்டி வாசித்தார். இன்னொருத்தர் தமிழ் நன்றாகத் தெரிந்தவர், குர்லாவில் இருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். ஆணா பெண்ணா என்று கூடச் சொல்ல மாட்டேன். மறுநாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து நின்று, "வியாழன் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் அந்த முகத்தைப் பார்த்தேன். ஆபீஸ் கட்டிடத்துக்குப் பின்பக்கமாக ஒரு வழி இருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். அவர் டீக்கடையில் மாடியைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே நான் பாப்பாவின் ஸ்கூல் வாசலில் நின்றேன்.

உன்னிடம் வருவதாக எழுதியது பொய். அதை எழுதும்போதே வர மாட்டேன் என்று தெரியும். நீ சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பாய் என்றும் தெரியும். அவர் முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவார். அவர் வரும்போது உன் முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

அது மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். நீ மன்னிப்புக் கேட்டாய், நிஜமாகக் கேட்டாய், எனக்குத் தெரியும். அதே கடிதத்தில் 'ஆற அமர எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்' என்றும் எழுதினாய். எல்லாரும் என்றால் அவரும்தானே அக்கா? அதை வாசித்த பிறகும் உன்னிடம்தான் வர இருந்தேன், எனக்கு வேறு இடம் இல்லை. வேறு இடம் கிடைத்ததும் முதலில் ஞாபகம் வந்தது அந்த வரிதான்.

இந்தக் கோப்பை இனி திறக்க மாட்டேன். நாளைக்கு ஒரே ஒரு தடவை பார்ப்பேன், உன் பதிலுக்காக. அதோடு சரி. சாஹில் சாரிடம் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடு.

நீ அழுவாய். கோபமும் படுவாய். படு.

கலை


குக்கர் கையேடு, பாகம் 3
நெருள், 18 ஜூலை

கலை,

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவளை நம்பாமல் யாரோ ஒருத்தரை நம்பினாயே என்று வந்தது. நேற்று முழுக்க அந்தக் கோபத்தோடுதான் இருந்தேன். நியாயமாகப் பார்த்தால் என்ன நடந்தது என்று உனக்கு எழுத வேண்டும். எழுதுகிறேன், கூச்சமாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை மணி அடித்தது அவர்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். உள்ளே வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பாப்பாவின் சின்னத் தட்டைப் பார்த்துவிட்டார். வீடு முழுக்கத் தேடினார். பாத்ரூம், பால்கனி, கட்டிலுக்கு அடியில், பீரோவைக் கூடத் திறந்து துணியை விலக்கிப் பார்த்தார். அத்தான் தடுக்கப் போனார், அவர் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டார். கலை எங்கே என்றார். தெரியாது என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, நீ உயிரோடு இருக்கிறாயா என்றே அப்போது எனக்குத் தெரியாது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அப்புறம் சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பாப்பாவின் ரெயின்கோட்டைப் பையில் வைத்திருந்தார், அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "பிள்ள இல்லாம நான் செத்துருவேன் மதினி. நான் செஞ்சதெல்லாம் தப்புதான். ஒரே ஒரு தடவ அவகிட்டப் பேசணும், கால்ல விழணும், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். மூக்கு ஒழுக அழுகிற ஆம்பிளையை நான் இதுவரை பார்த்ததில்லை. துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆமாம், காப்பி போட்டேன். நீ எழுதிய மாடி ரூம், ஷட்டர், எல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும், பாவம், திருந்திவிட்டார் போல் இருக்கிறதே என்றுதான் மனசு சொல்லிற்று.

போகும்போது என் காலைத் தொட்டார். கதவைச் சாத்திவிட்டு நான் அங்கேயே நின்றேன். படியில் இறங்கிக்கொண்டே போனில் பேசினார், அவர் அம்மாவிடம். ரயிலில் வந்துகொண்டிருக்கிற அந்த அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, அதனால் உரக்கப் பேசினார். குரலில் ஈரமே இல்லை. "அழுதும் பாத்துட்டேம்மா, இவளுக்கு நெசமாவே தெரியல. நாளைக்கு வேற எடத்துல பாக்கேன்" என்றார்.

அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன் கலை. அவர் அழுதபோது என் வாயில் விலாசம் மட்டும்தான் இல்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். உன் நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கு எழுதாதே. நான் கேட்டாலும் எழுதாதே.

அக்கா